தார் தங்காத சாலை



ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றுள் மிக உயர்ந்தது ஏகத்துவக் கலிமா என்றும், எல்லாவற்றிலும் எளியது பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மக்தபில் இந்தப் பாடத்தை நடத்தும்போது நாம் சொல்லும் எடுத்துக்காட்டுகள் முள், கல், வாழைப்பழத்தோல் ஆகியவையே. இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்குச் சாலையை மூடிக் கிடக்கும் பனியை யாரும் சொல்வதில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஆனால், அந்தப் பனியை அகற்றுவதைப் பிழைப்பாகக் கொண்ட ஒருவன் எங்கள் குடும்பத்தில் இருந்தான். அவன் என் தங்கையின் மூத்த மகன்.

அவன் வேலை செய்த இடம் ஸோஜி லா. காஷ்மீர் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் பிரிக்கும் மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து 3,528 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் அது. ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே செல்லும் தேசிய நெடுஞ்சாலை 1 இதன் வழியேதான் போகிறது. நெடுஞ்சாலை என்றவுடன், நம் ஊர் வெள்ளைகேட்டைத் தாண்டியதும் காணும் சென்னை - பெங்களூரு சாலை நம் மனத்தில் விரியும். ஸோஜி லாவில் உள்ளதோ பெரும்பாலும் மண்ணும் சரளையும் சேறும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் பள்ளம். எதிரே ஒரு லாரி வந்தால் இரண்டில் ஒன்று பின்வாங்கவேண்டும். ஆகவே பல நாள்களில் மேலேறும் வண்டிகளை ஒரு வேளையிலும், கீழிறங்கும் வண்டிகளை வேறொரு வேளையிலும் காவலர்கள் அனுப்புகிறார்கள்.

அங்கே ஏன் தார் போடவில்லை என்று நானும் கேட்டதுண்டு. போட்டாலும் தங்காது என்பதே விடை. பனி உருகும் நீர் சாலையின் அடியில் இறங்குகிறது. இரவில் உறைந்து பருக்கிறது. மேலிருக்கும் பரப்பைத் தூக்கிப் பிளக்கிறது. பகலில் மீண்டும் உருகிக் குழியாக்குகிறது. போதாததற்குப் பனியை வழிக்கும் இயந்திரங்களின் இரும்புத் தகடும், வண்டிச் சக்கரங்களில் கட்டும் சங்கிலியும் எஞ்சியதைச் சுரண்டிவிடுகின்றன. மலைச்சரிவு வந்தால் சாலையே இடம் மாறிவிடும். எனவே அந்தச் சாலையை ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. ஆண்டுதோறும் புதிதாக வெட்டியெடுக்கவேண்டும்.

அதன் வரலாற்றில் நம் பக்கத்து மனிதர்களுக்கும் பங்குண்டு. 1948 வரை பால்டாலிலிருந்து ஸோஜி லாவுக்கு ஏறிய வழி வெறும் கோவேறு கழுதைப் பாதை. அவ்வாண்டுப் போரில் கணவாய் கைநழுவி, லடாக்குக்கான தரைவழி துண்டிக்கப்பட்டது. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியல் படையினர் அந்தப் பாதையை அகலப்படுத்தினர். 1948 நவம்பர் 1 அன்று ஜெனரல் திம்மையாவின் தலைமையில் டாங்கிகள் அதன் வழியே மேலேறின. அவ்வளவு உயரத்துக்கு டாங்கிகள் வரக்கூடும் என்று எதிரே நின்றவர்கள் நினைத்திருக்கவில்லை. 1960இல் எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டபின் அச்சாலைகள் அதன் பொறுப்பில் வந்தன. 1999 கார்கில் போரில் திராஸைச் சூழ்ந்த சிகரங்களுக்காக அத்தனை உயிர்கள் போனதற்கும் இந்தச் சாலையே காரணம். அம்மலைகளின் மேலே இருப்பவனுக்குக் கீழே ஊரும் ஒவ்வொரு லாரியும் தெரியும்.

முன்பெல்லாம் பனிக்காலத்தில் ஐந்து, ஆறு மாதங்கள் கணவாய் மூடிக்கிடக்கும். இப்போது அந்தக் காலம் மிகவும் குறைந்திருக்கிறது. 2023இல் 68 நாள்கள் மூடியிருந்து மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. எங்கள் குடும்பத்துக்கு மறக்க முடியாத எண் அந்த 68.

என் மைத்துனர் பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். கொரோனா காலத்தில் தறிகள் நின்றபோது பட்டறையும் நின்றது. கடன் மட்டும் நிற்கவில்லை. மகன் பொக்லைன் ஓட்டப் பழகியவன். ஓர் ஒப்பந்தக்காரர் மூலம் திராஸ் பக்கத்துச் சாலைப் பணிக்குப் போனான். கோடையில் சரிவு மண்ணை அள்ளும் வேலை. குளிர்காலத்தில் பனி அகற்றும் வேலை. குளிர்காலத்துக்குக் கூலி அதிகம் என்பதால், அத்தாவின் கடனை அடைத்துவிடலாம் என்று 2022 இறுதியில் அவன் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினான். ஜனவரி தொடக்கத்தில் கணவாய் மூடியது. அம்மாதக் கடைசியில், ரஜப் பிறை பிறந்து சில நாள்களில், மைத்துனர் மாரடைப்பால் இறந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சுபுஹுக்குப் பின் இறந்தவரை அஸருக்குப் பின் அடக்கம் செய்தோம். ஜனாஸாவை விரைவுபடுத்துவதே சுன்னத். மகன் தில்லியில் இருந்திருந்தால்கூட வந்து சேர்ந்திருப்பது கடினம். ஆனால், துக்கம் கணக்குப் பார்ப்பதில்லை. கப்ரில் மூன்று கைப்பிடி மண் போட அவன் இல்லையே என்பது என் தங்கையின் நெஞ்சில் தைத்துவிட்டது. இத்தா முடியும்வரை வீட்டுக்குள் இருந்தவள், அந்தச் சாலையை ஒரு மனிதரைப் போல வெறுத்தாள். அதே ஜனவரியில் சோனமார்க் அருகே சர்பல் என்னுமிடத்தில் பனிச்சரிவில் சிக்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்த செய்தியும் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

ரமலான் முடிந்து ஷவ்வால் மாதத்தில் அவள் என்னிடம், “அண்ணே, போன்ல சொன்னா அவன் கேக்க மாட்டான். நீங்களே போயி அவனைக் கையோட கூட்டிக்கிட்டு வாங்க” என்றாள். இத்தாவில் இருக்கும் ஒரு பெண்ணின் அந்த வேண்டுகோளை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. 2023 மே மாதம் சென்னையிலிருந்து ஜம்முவுக்கு ரயில் ஏறினேன். ஏறத்தாழ மூன்று நாள் ரயிலிலும், பிறகு இரண்டு நாள் ஜீப்பிலும் போனது.

சோனமார்க்கைத் தாண்டிப் பால்டாலில் ஏற்றம் தொடங்கியதும் ஜீப்பில் பேச்சு நின்றுபோனது. சக்கரம் ஒவ்வொரு வளைவிலும் சரளையை உதறியது. வழியில் இரு பக்கமும் பனியை அறுத்தெடுத்த சுவர்கள் நின்றன. மே மாதத்தில் காஞ்சிபுரம் எப்படி இருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தேன், மனம் ஒட்டவில்லை. சாலையோரம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கல் அடுக்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து வந்தவர்கள் என்று ஓட்டுநர் சொன்னார். கடல்மட்டத்துக்குப் பக்கத்தில் பிறந்த அவர்களும் நம்மைப் போலவே அந்தக் காற்றில் மூச்சுத் திணறுபவர்கள்தாம். 2020 ஊரடங்கின்போது லடாக்கில் சிக்கிய ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் அறுபது பேரை அம்மாநில அரசு விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துச் சென்றது செய்தியானது. அந்தச் சாலைகளைப் போடுபவர்கள் யார் என்று பலர் அப்போதுதான் கேட்டார்கள்.

திராஸில் மருமகனைக் கண்டேன். உதடு வெடித்து, முகம் கறுத்திருந்தான். ஸலாம் சொல்லிக் கட்டிக்கொண்டவன் நெடுநேரம் விடவில்லை. அன்று லுஹரையும் அஸரையும் கஸ்ராகத் தொழுதேன். உளூச் செய்த நீர் எலும்பு வரை குளிர்ந்தது. காலுறையின் மேல் மஸ்ஹு செய்யப் பயணிக்கு மூன்று நாள் சலுகை உண்டென்று எத்தனையோ ஆண்டுகளாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தச் சலுகை எத்தகைய கருணை என்பதை என் கால்கள் அங்கேதான் படித்தன. தண்ணீர் இருந்தும் அதைப் பயன்படுத்தினால் உடலுக்குக் கேடு வரும் என்ற அச்சம் உண்மையாக இருந்தால் தயம்மும் செய்யலாம் என்பதை மருமகன் ஏற்கெனவே ஊர்ப் பள்ளி இமாமிடம் கேட்டறிந்திருந்தான்.

இரவில் தகரக் கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி அமர்ந்திருந்தபோது அவனாகவே கேட்டான்: “மாமா, அத்தாவோட ஜனாஸாவை நான் தொழலை. அது என் மேல கடனா?”

அவன் அம்மாவின் வேண்டுகோளை எப்படித் தொடங்குவது என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, நான்கு மாதங்களாக அவன் இந்தச் சுமையைத் தூக்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. நானறிந்ததைச் சொன்னேன். ஜனாஸாத் தொழுகை ஃபர்ளு கிஃபாயா. சமுதாயத்தில் சிலர் நிறைவேற்றிவிட்டால் மற்றவர்கள் மீதிருந்து பொறுப்பு நீங்கிவிடும். தொலைவில் இருப்பவர் மறைவான ஜனாஸாவாகத் தொழுவதை ஷாஃபிஈ மத்ஹப் அனுமதிக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் அதற்கு இடமில்லை. நம் குடும்பம் ஹனஃபீ. ஆகவே நீ தொழாமல் இருந்தது குற்றமாகாது. ஊரில் தொழுதவர்கள் உனக்கும் சேர்த்தே அந்தக் கடமையைத் தீர்த்துவிட்டார்கள். பெற்றோர் இறந்தபின் பிள்ளை செய்யவேண்டியது என்னவென்று நபித்தோழர் ஒருவர் கேட்டபோது, அவர்களுக்காகத் துஆச் செய்வது, பாவமன்னிப்புத் தேடுவது, அவர்கள் செய்த ஒப்பந்தங்களை நிறைவேற்றுவது, அவர்கள் வழியாக வந்த உறவுகளைப் பேணுவது, அவர்களுடைய நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறினார்கள். இவற்றில் எதற்கும் காலம் கடந்துவிடவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடனைப் பற்றிச் சொன்னான். பிப்ரவரி, மார்ச் கூலியோடு பட்டறைக் கடன் முழுவதும் அடைந்துவிட்டதாம். இறந்தவரின் சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பே அவருடைய கடனைத் தீர்க்கவேண்டும் என்று மார்க்கம் வலியுறுத்துகிறது. தந்தையிடம் சொத்தென்று ஏதுமில்லாத வீட்டில் மகன் தன் கூலியால் அதைத் தீர்த்துவிட்டான். மைத்துனருக்காகப் பனியில் தொழப்பட்ட நீண்ட தொழுகை அது என்று எனக்குத் தோன்றியது. ஆனால், அதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தைப் பற்றி அவன் சொன்னதையும் இங்கே எழுதவேண்டும். பனி அகற்றும் வேலை கணவாயின் இரு பக்கத்திலிருந்தும் நடக்கும். மேற்கிலிருந்து ஒரு குழுவும், திராஸ் பக்கமிருந்து ஒரு குழுவும் வெட்டிக்கொண்டே போய் நடுவில் சந்திக்கவேண்டும். முந்தைய நாள் திறந்த வழியை ஒரே இரவில் பனிச்சரிவு மீண்டும் மூடிவிடுவதுண்டு. மறுநாள் முதலிலிருந்து தொடங்குவார்கள். வழி திறந்த நாளில் ஊர்க்காரர்கள் சிலர் உப்புத் தேநீரோடு சாலையோரம் வந்து நின்றார்களாம். அவர்களுள் ஒரு முதியவர் இவனிடம் பெயர் கேட்டார். தந்தை பெயர் கேட்டார். இறந்துவிட்டார் என்றதும், சேற்றில் நின்றபடியே கையேந்தி, அந்தப் பெயரைச் சொல்லித் துஆச் செய்தாராம். “அத்தாவை அவருக்குத் தெரியாது மாமா. காஞ்சிபுரம் எங்க இருக்குன்னும் தெரியாது” என்றான் மருமகன்.

மறுநாள் அவனுக்கு விடுப்பு. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள கார்கிலுக்குப் போனோம். அங்கே முன்ஷி அஸீஸ் பட் என்பவர் 1920இல் கட்டிய சத்திரத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டு அவருடைய குடும்பத்தார் அருங்காட்சியகம் ஒன்றை நடத்துகிறார்கள். யார்கண்டிலிருந்தும் திபெத்திலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் வந்த வணிகக் கூட்டங்கள் தங்கிய ஊர் அது. கம்பளி, தேயிலை, விரிப்பு ஆகியவற்றோடு பட்டும் அந்த வழிகளில் சரக்காகப் போயிருக்கிறது. பட்டு நூலில் பிறந்து வளர்ந்த இருவர் அந்தச் சேணங்களையும் துணிகளையும் பார்த்துக்கொண்டு நின்றோம். குறைஷிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டி, பசியில் உணவும் அச்சத்தில் பாதுகாப்பும் தந்த இறைவனை வணங்கச் சொல்லும் சிறிய சூரா நம் எல்லோருக்கும் மனப்பாடம். உணவும் பாதுகாப்பும் சாலை வழியாகத்தான் வருகின்றன. சாலை மூடினால் இரண்டும் மூடுகின்றன.

இஸ்லாமிய வரலாற்றில் இதை உணர்ந்து செயல்பட்டவர்கள் உண்டு. ஈராக்கில் ஒரு கோவேறு கழுதை கால் இடறி விழுந்தாலும், அதற்குப் பாதையை ஏன் சீராக்கவில்லை என்று தம்மிடம் கேட்கப்படுமோ என உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாகக் கூறப்படும் செய்தி பரவலாக அறியப்பட்டது. கலீஃபா ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா வரை 1,400 கிலோமீட்டர் பாலைவழியில் கிணறுகளும் குளங்களும் தங்குமிடங்களும் அமையச் செல்வத்தைச் செலவிட்டார். அவ்வழி இன்றும் அவர் பெயரால் ‘தர்ப் ஸுபைதா’ என்றே அழைக்கப்படுகிறது. ஆனால், அந்தப் பாலையில் கல்லைப் பொறுக்கியவர்களின் பெயர் எந்த நூலிலும் இல்லை. அவை அல்லாஹ்விடம் இருக்கின்றன.

திரும்பும் வழியில்தான் அம்மாவின் வேண்டுகோளை அவனிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் என் மனம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அவன் வேலையின் மதிப்பைக் கண்ணால் கண்டுவிட்டேன். மறுபுறம், போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் திருப்பியனுப்பிய நிகழ்வை எத்தனையோ முறை மிம்பரில் கேட்டிருக்கிறோம். அதைச் சாலைப் பணிக்காக மறந்துவிட முடியாது. ஆகவே, வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னேன். மண் போட உன் கை இல்லையே என்று அவள் அழுவதையும் மறைக்கவில்லை.

அவன் நெடுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “மாமா, நேத்து ஜனாஸாவைப் பத்தி ஒண்ணு சொன்னீங்களே. சிலர் செஞ்சா எல்லார் மேலயும் நீங்கிடும்னு. பனி வழிக்கிறதும் அப்படித்தானே? நான் இல்லாட்டி இன்னொரு ஆப்பரேட்டர் வருவான். அம்மாவுக்கு வேற மூத்த பிள்ளை வர மாட்டான்” என்றான்.

ஃபர்ளு ஐனையும் ஃபர்ளு கிஃபாயாவையும் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். தனக்கு இழப்பு வருமென்று தெரிந்தும் அதைத் தன்மீதே பொருத்திப் பார்த்த மாணவன் அவன் ஒருவன்தான். குளிர்காலக் கூலி கோடைக் கூலியைவிட அதிகம். தங்கையின் திருமணத்துக்கு அவன் அதைத்தான் நம்பியிருந்தான். கணவாய் திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் வேலை செய்வதென்றும், மூடுவதற்கு முன் ஊர் வந்துவிடுவதென்றும், அம்மா உயிரோடிருக்கும்வரை மூடிய சாலைக்கு அப்பால் இருப்பதில்லை என்றும் முடிவெடுத்தான்.

நான் தனியாகத் திரும்பி வந்தேன். கையோடு கூட்டி வரச்சொன்ன தங்கை, வாசலில் என்னை மட்டும் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடன் அடைந்த செய்திக்கு அவள் அசையவில்லை. ஆனால், அந்த முதியவர் சேற்றில் நின்று அவள் கணவரின் பெயரைச் சொல்லித் துஆச் செய்ததைச் சொன்னபோது, “பேரைச் சரியாச் சொன்னாரா?” என்று கேட்டாள். சரியாகச் சொன்னார் என்றேன். அன்று மாலை எனக்குத் தேநீர் கொடுத்தாள்.

ஜூன் 29 பக்ரீதுக்கு மகன் வந்தான். தொழுகை முடிந்ததும் கப்ருஸ்தானுக்குப் போய் நெடுநேரம் நின்றான். அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டில்தான் இருக்கிறான். தெரிந்தவரின் ஜவுளிக் கடையில் அந்த மாதங்களில் வேலை பார்க்கிறான், வருமானம் குறைவு. கணவாய் எப்போது திறக்கும் என்று கைப்பேசியில் பார்த்துச் சொல்லும்படி இப்போது அவன் அம்மாவே கேட்கிறாள். 2025இல் 32 நாள்களிலேயே ஏப்ரல் 1 அன்று திறந்துவிட்டது. சோனமார்க்கில் ஆறரை கிலோமீட்டர் சுரங்கச் சாலை 2025 ஜனவரி 13 அன்று திறக்கப்பட்டிருக்கிறது. ஸோஜி லாவின் அடியில் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கம் தோண்டப்பட்டு வருகிறது. அது முடிந்தால் எந்தப் பருவத்திலும் ஒரு மகன் தன் தந்தையின் வீட்டை நோக்கிக் கிளம்பலாம். அதைத் தோண்டுபவர்களும் எங்கோ ஒரு வீட்டைப் பிரிந்து வந்தவர்களே.

அன்புச் சகோதர சகோதரிகளே! திராஸ் நம்மில் பலருக்குத் தொலைவு. ஆனால், நம் ஊரைச் சுற்றிலும் நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் ஒளிரும் சட்டை அணிந்து வேலை செய்பவர்களை நாம் அன்றாடம் கடந்து போகிறோம். அவர்களுக்கும் பெற்றோர் உண்டு; அவர்களும் யாரோ ஒருவரின் ஜனாஸாவைத் தவறவிட்டிருக்கக்கூடும். அங்கே வண்டியின் வேகத்தைக் குறையுங்கள். வெயில் நேரத்தில் தண்ணீர் கொடுங்கள். முடிந்தால் பெயரைக் கேளுங்கள். அவர்களுக்காகவும் அவர்களுடைய பெற்றோருக்காகவும் துஆச் செய்யுங்கள். சாலை மூடுவதற்கு முன் வீடு திரும்ப முடிந்தவர்கள் திரும்பிவிடுங்கள். திரும்ப முடியாதவர்களை அவர்களின் குடும்பத்தார் மன்னித்துவிடுங்கள்.

பயணத்தில் இருப்போரை அல்லாஹ் பாதுகாப்பானாக. பாதையைச் சீராக்குவோரின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக. என் மைத்துனரின் கப்ரை விசாலமாக்கி ஒளி நிறைப்பானாக. ஆமீன்.